முதுகுக்குக் கஸ்தூரி மஞ்சள்

தன் உடம்பில் தன் கைக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்பது, புருசன் நல்லகாமன் செத்த மூன்றாவது வருசம்தான் இருளாயிக்குத் தெரிந்தது. அதுவரை முதுகைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது. சுமை தூக்கவும், வெயில் வாங்கவும், சண்டை போட்ட ராத்திரிகளில் புருசனுக்குக் காட்டிப் படுக்கவும் அது பாட்டுக்குப் பின்னால் கிடந்தது.

வாடிப்பட்டியிலிருந்து பிரிகிற மண்ரோட்டில் போய், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் அவர்கள் ஊர். நெல்லும் தென்னையும் போக மிச்ச இடமெல்லாம் மல்லிகை. இருளாயிக்கும் அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக மல்லிகைத் தோட்டம் இருந்தது. மதுரையில் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போகிற பெண்களுக்கு, அது என்னென்ன மருந்து குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று தெரியாது. மொட்டுப்புழுவுக்கு ஒன்று, சிலந்திக்கு ஒன்று என்று வாரம் தவறாமல் அடித்தாக வேண்டும். நல்லகாமன் இருந்தவரை மருந்து டேங்க் அவன் முதுகில் ஏறியது. அவன் போனபின், கூலிக்கு ஆள் கிடைக்காத ஒரு வாரம் இவளே தூக்கி மாட்டினாள். அடுத்த வாரமும் மாட்டினாள். பிறகு ஆள் தேடுவதையே விட்டுவிட்டாள்.

டேங்க் பழசு. மூடியில் வாசர் தேய்ந்து, நடக்க நடக்கத் தளும்பி முதுகில் வழியும். நல்லகாமனுக்கும் வழிந்ததுதான். ஆனால் அவன் முதுகை மோட்டார் தொட்டியில் வைத்துத் தேங்காய் நார் போட்டு இவள் தேய்த்துக் கழுவிவிடுவாள். மெதுவா, மெதுவாடி என்று அவன் கத்துவான். இவள் முதுகைத் தேய்க்க யார் இருக்கிறார்கள்? செம்புத் தண்ணீரைத் தலைக்கு மேல் கவிழ்த்தால் போனது போக மிச்சம் அங்கேயே காய்ந்தது. மாசி பிறந்து வெயில் ஏறவும் முதுகு முழுக்கச் சொறிச்சல் கண்டது. பிறகு தடிப்பு. பிறகு தோல் உரிந்து நீர் வடிய ஆரம்பித்தது. குப்புறப் படுத்துத்தான் தூங்கினாள். வாடிப்பட்டி டாக்டர் ஊசி போட்டு, ஒரு களிம்பையும் கொடுத்து, "ரெண்டு வேளையும் நல்லா தேய்ச்சுக்கங்க" என்றார். நல்ல மனுசன்தான். எப்படித் தேய்ப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

யாரோ சொல்லி, மார்க்கெட் வண்டியில் பூவை ஏற்றிவிட்ட கையோடு ஆரப்பாளையம் பஸ் ஏறி, மதுரையில் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் துளசிராம். முன்னால் கடை, பின்னால் வீடு.

"எங்கம்மா புண்ணு?"

"முதுகுலண்ணே. மருந்தடிக்கிற டேங்கு ஒழுகி அவிஞ்சு போச்சு."

"பார்க்காமக் கொடுக்க முடியாதே." அவர் உள்ளே திரும்பி அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அவர் சம்சாரம் கனகலட்சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். பார்த்துவிட்டு, அங்கிருந்தே புருசனுக்குச் சொன்னாள்.

துளசிராம் ஒரு டப்பாவைத் திறந்து கிழங்கு ஒன்றை எடுத்தார். "கஸ்தூரி மஞ்சள். காட்டுல தானா வெளையிற சாதி. வாய்க்கு ஆகாது, மேலுக்கு மட்டும். சொறி, படை, கரப்பான், அடிபட்ட வீக்கம், ரத்தக்கட்டு எல்லாத்துக்கும் போடுவாங்க. பொடியா தாரேன். குப்பைமேனிச் சாறுல கொழைச்சுப் பூசி, காய விட்டு, பச்சத் தண்ணியில கழுவுங்க. ஒரு மண்டலம் விடாமப் பூசணும். கருவாடு, கத்திரிக்கா தொடக்கூடாது. மொதல்ல அந்த டேங்கைத் தூக்கி எறிங்க."

டேங்கைப் பற்றிச் சொன்னது இருளாயி காதில் விழவே இல்லை. "மஞ்சளாண்ணே? நான் தாலி அறுத்தவ. மஞ்சப் பூசுனா ஊரு சும்மாவா இருக்கும்?"

அவர் கிழங்கை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே சந்தனத் தூள் மாதிரி வெளிறியிருந்தது. கற்பூர வாடை குப்பென்று வந்தது. "இது ஒட்டாதும்மா. கழுவினா போயிரும். பூசுனது உங்களுக்கே தெரியாது."

கனகலட்சுமி அங்கேயே கொஞ்சம் குழைத்து எடுத்து வந்தாள். உட்காரச் சொல்லி, பின்னால் நின்று, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்கும் உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டாள். அவள் கழுத்தில் தாலிச் செயின் கிடந்தது. முகத்தில் மஞ்சள் இருந்தது. அவளுக்கு அதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. அடுப்பில் ஏதோ இருக்கும் அவசரத்தோடுதான் தடவினாள். ஆனாலும் கை கைதானே. இருளாயியை எழவு வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுததோடு சரி, அதன்பின் மூன்று வருசமாக யாரும் அவளைத் தொடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது.

"எரியுதாக்கா?"

"இல்லம்மா. குளுந்து கெடக்கு."

"பின்ன ஏன் அழுறீங்க?"

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் குப்பைமேனி பறித்து இடித்துச் சாறு எடுத்து, பொடியைக் குழைத்து, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பக்கத்து வீடென்றாலும் ஒரே கூரையில் பிரித்த வீடு. கொழுந்தன் பேயாண்டியின் சம்சாரம் மலையம்மாள் அங்கே இருக்கிறாள். பேயாண்டி ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் முறுக்கு சுடப் போய், வருசத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுகிறவன். மலையம்மாள் அப்போது கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மலையம்மா, ஒரு எட்டு வாரியா. இதை முதுகுல தேச்சு விடு. வைத்தியரு குடுத்தாரு."

மலையம்மாள் முறத்தைக் கீழே வைத்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது?"

"கஸ்தூரி மஞ்ச."

"மஞ்சளாக்கா?" அவள் கை அவளறியாமல் சேலையில் துடைத்துக்கொண்டது.

"பூசுற மஞ்ச இல்ல. மருந்து. நெறம்கூடக் கெடையாது, பாரேன்."

"நெறம் இல்லாட்டியும் பேரு அதானக்கா." மலையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்கிறாத. அந்த மனுசன் கொதிக்கிற எண்ணெச் சட்டிக்கு முன்னால நின்னு வேலை பாக்குது. போன மாசம்தான் கையில எண்ணெ தெறிச்சு வெந்துபோச்சுன்னு கடுதாசி போட்டுச்சு. அறுத்த கழுத்துக்கு மஞ்சத் தேச்சுவிட்டேன்னு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஏண்டி, நான் உனக்குக் கெடுதல் நெனைப்பனா?"

"நீ நெனைக்க மாட்டக்கா. எனக்குப் பயமா இருக்கு. வேற எது வேணாலும் செய்யிறேன். தண்ணி எடுத்தாரேன், பூப் பறிச்சுத் தாரேன். சோறாக்கித் தரவா? இதை மட்டும் கேக்காத."

அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்திருந்தாள். அன்றைக்கு மத்தியானம் ஒரு சட்டி பருப்புத் துவையலும் சோறும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இருளாயிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தன் புருசன் இருந்தபோது ஓர் அறுத்தவள் கிண்ணத்தோடு வந்து நின்றிருந்தால், தானும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். கோபமாவது வந்திருந்தால் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

அகப்பைக் காம்பில் துணி சுற்றிப் பூசிப் பார்த்தாள். புண்ணில் குத்தியது. துண்டில் தடவி, இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தோள்பட்டையில் பாதி, தரையில் மீதி. கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் குளிக்கிற இடத்தில் மூன்று பக்கம் தென்னங்கிடுகு, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர். வழிக்கு வைத்திருந்த கீத்தைச் சாத்திக் கட்டிவிட்டு, குழைத்த மருந்தைச் சுவரில் முதுகு உயரத்துக்கு அப்பினாள். திரும்பி நின்று, சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி இறங்கி, எழுந்து, இறங்கி உரசினாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. ஆனால் மருந்து பட்டது. சொரசொரப்பில் புண் தட்டிப் போனாலும் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

பங்குனியில் பூ கூடியது. விடியுமுன் இறங்கினால்தான் வெயிலுக்குள் மொட்டை எடுக்க முடியும். பொடி தீர்ந்தபோது மதுரைக்குப் போய்வர ஒரு பகலைத் தொலைக்க அவளுக்கு மனசில்லை. வாடிப்பட்டியிலேயே ஒரு கடையில் கேட்டாள். அந்தக் கடைக்காரன் இரண்டு தட்டில் இரண்டு விதமாகக் காட்டினான்.

"ரெண்டுமே கஸ்தூரி மஞ்சதான். எது வேணும்?"

ஒன்று வெளுத்துக் கிடந்தது, துளசிராம் கொடுத்ததைப் போல. இன்னொன்று பளிச்சென்று தங்கமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் மஞ்சள் வாங்குகிறவர்களுக்குக் கண்தான் தராசு. நிறம் கெட்டதைப் பழசு என்று தள்ளுவார்கள், பூச்சி அரித்தது என்பார்கள். மதுரைக்காரர் நல்லவர்தான், ஆனாலும் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார், அதனால்தான் புண் இன்னும் ஆறவில்லை என்று இருளாயிக்கு ரொம்ப நாளாகவே ஒரு நினைப்பு. அவர் கிழங்கைக் கிள்ளிக் காட்டிச் சொன்னதெல்லாம் அந்த நிறத்துக்கு முன்னால் நிற்கவில்லை. பளிச்சென்று இருந்ததைக் காட்டி, "இதைக் குடுங்கண்ணே" என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் குழைத்துச் சுவரில் அப்பினாள். பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் சுவரில் பூத்துக் கிடந்தது. மஞ்சள் அதில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆரத்தித் தண்ணீர் நிறத்துக்குச் சிவந்தது. அதை அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தும் பெரிதாக நினைக்கவில்லை. முதுகை உரசி, காய விட்டு, கழுவிப் படுத்தாள். விடியக்காலம் நல்லகாமனின் வெள்ளைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கூலிக்கு வந்த பெண்களோடு பூப் பறிக்கப் போனாள்.

வெயில் ஏறவும் வேர்த்தது. வேர்வையில் மஞ்சள் ஊறி, வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கப் பளபளவென்று படர்ந்துவிட்டது. தனக்குப் பின்னால் நடக்கிற விசயம் தனக்குத் தெரியாது அல்லவா. அவள் குனிந்து மொட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் இருந்த கருத்தக்கண்ணன் பொண்டாட்டிதான் முதலில் பார்த்தாள். அந்தப் பொம்பளை கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏத்தா இருளாயி, முதுகெல்லாம் மங்களமா இருக்கு?"

இருளாயி சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. "மருந்து. முதுகுல புண்ணு. வைத்தியரு பூசச் சொன்னாரு."

"பூசிக்கிட வேண்டியதுதான். யாரு வேணாம்ண்டாக?" அவள் இரண்டு மொட்டுக் கிள்ளி மடியில் போட்டாள். "யாரு பூசிவிட்டது?"

"நானாத்தான் பூசுனேன்."

"அங்க எப்படித்தா கை எட்டும்?" அவள் தன் கையைப் பின்னால் வளைத்துக் காட்டினாள். "எனக்கு எட்டலையே. உங்க யாருக்காச்சும் எட்டுதா?"

மற்ற பெண்கள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள். ஒன்றிரண்டு பேர் உண்மையிலேயே கையை வளைத்தும் பார்த்தார்கள். சுவரில் உரசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இருளாயிக்கு வாய் வரவில்லை. சுவரில் உரசுவது எருமைமாடு. தொட ஓர் ஆள் இல்லாமல் எருமை மாதிரி உரசிக்கொள்கிறேன் என்று பத்துப் பேருக்கு நடுவில் எந்தப் பொம்பளை சொல்வாள்? அவள் குனிந்து மொட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மலையம்மாளும் அதே தோட்டத்தில்தான் பறித்துக்கொண்டிருந்தாள். அவளாவது, அது மருந்துதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உன்னிடம் கேட்டாளாமே, ஏன் தேய்த்துவிடவில்லை என்று பேச்சு அவள் பக்கம் திரும்பும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஊரே ஒரு கையைத் தேட ஆரம்பித்துவிட்டது. கை கிடைக்கவும் அதிக நேரம் ஆகவில்லை. கால்வாய் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் கண்ணுச்சாமி, பெண்டாட்டி செத்தவன், இருளாயி தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிறவன். அது போதாதா? அந்த மனுசன் இருளாயியோடு பேசியதெல்லாம், "தண்ணி விடவா மதினி?" "விடுங்க", "போதுமா?" "போதும்", அவ்வளவுதான். பேச்சு காதில் விழுந்த மறுநாளிலிருந்து கண்ணுச்சாமி வரப்பு மாறி நடந்தான். தண்ணீரை மட்டும் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை என்று இருந்தது, அதுவும் போயிற்று.

ராம்கி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். இருளாயியின் ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு வாடிப்பட்டியில் ஒரு பெண் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வந்தவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சாப்பிடுறியாடா? கம்மங்கூழு இருக்கு."

"யாருன்னு சொல்லுத்தா."

"யாரை?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. எஸ்டிடி பூத்துக்குப் போனைப் போட்டு எங்கிட்டச் சொல்றாய்ங்க. கூட வேலை பாக்கிற பயலுக முன்னால நிக்க முடியல. பொண்ணு வீட்டுக்காரக காதுக்குப் போயிருச்சுன்னா அம்புட்டுத்தான்." அவன் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினான். "அந்தக் கண்ணுச்சாமியா?"

"புத்தி கெட்டுப் பேசாதடா. முதுகு அவிஞ்சு கெடக்கு. மருந்து பூசுனேன்."

"பூசுனது யாரு? அதானே கேக்குறேன்."

இருளாயி அவனைப் பார்த்தாள். புண் எப்படி இருக்கிறது என்று கேட்பானோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஊரிடம் வராத வார்த்தை பெற்ற பிள்ளையிடமும் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், கீத்தை விலக்கினாள்.

சுவரைப் பார்த்ததும் அவன் பதறிப்போனான். "என்னாத்தா, ரத்தமா?"

"மஞ்ச. சுண்ணாம்புல பட்டுச் செவந்துருச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் திரும்பி நின்று, சட்டையோடு முதுகைச் சுவரில் சாய்த்தாள். முழங்காலை மடக்கி இறங்கினாள். எழுந்தாள். மறுபடி இறங்கினாள். அவன் முகத்தைப் பார்க்காமல், எதிரே கிடுகைப் பார்த்துக்கொண்டு செய்தாள். சிவப்புத் திட்டு சரியாக அவள் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தது.

"இப்படித்தான்" என்றாள். "போதுமா?"

ராம்கி சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். உயரத்தைப் பார்த்தான். சற்று நேரத்தில் அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சின்னப் பிள்ளையில் காய்ச்சல் விடும்போது இப்படித்தான் தெளியும்.

"இம்புட்டுத்தானா? இதைச் சொல்றதுக்கு என்னாத்தா?"

நேராக டீக்கடைக்குப் போனான். எல்லோரையும் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான். நம்பாத இரண்டு பேரைக் கையோடு கூட்டிவந்து, கீத்தை விலக்கிச் சுவரையும் காட்டினான். இருளாயி வீட்டுக்குள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அது கெட்ட சிரிப்பில்லை. விசயம் முடிந்துபோனால் வருகிற சிரிப்புதான். கருத்தக்கண்ணன் பொண்டாட்டிகூட வாசலில் நின்று, "அடப்பாவமே, சொல்லியிருக்கலாமேத்தா" என்று பெரிய மனசு பண்ணினாள். மத்தியானம் மலையம்மாள் ராம்கிக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அவன் வயிறு நிறையச் சாப்பிட்டு, பாயில் படுத்துத் தூங்கினான்.

சாயந்திரம் கிளம்பும்போது சட்டையை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு, பழைய ராம்கியாக வாசலில் வந்து நின்றான்.

"நான் வாரேன்த்தா. வரும்போது பஸ்ஸுல கண்ணை மூடல தெரியுமா. என்னென்னமோ நெனைச்சுட்டேன். யாருமில்லன்னு தெரிஞ்ச பெறகுதான் உசுரு வந்துச்சு."

இருளாயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மேல் அவளுக்குப் பாசம்தான், அதில் ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"யாராச்சும் இருந்திருந்தா இந்நேரம் ஆறிப் போயிருக்கும்டா."

ராம்கி அவள் முகத்தைப் பார்த்தான். பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு இருளாயி பின்பக்கம் வந்தாள். வந்தவர்கள் விலக்கிய கீத்து விலக்கியபடியே கிடந்தது. இழுத்துக் கட்டினாள். காலையில் குழைத்த மருந்து கிண்ணத்தில் மூடி வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனவளுக்கு, அதன் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன சுவர். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பொழுது இருக்கும்போதே உள்ளே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள்.